கதவைப் பிடிக்க ஓர் ஆள்

அவையின் நடுவே அமர்ந்து, நான் ஒலிபெருக்கியைத் தொடுவதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட வணிக வளாகச் சங்கத் தலைவர் அவர்களே! நான் கடை திறப்பதற்கு முன்பே கடை திறந்து, என் ஏற்றத்தையும் இறக்கத்தையும் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்து ரசித்த மூத்த வியாபாரப் பெருமக்களே! வீட்டையும் சுமந்து, கடையையும் சுமந்து, இரண்டுக்கும் நடுவில் கணவன் என்று ஒருவனையும் சுமக்கும் தாய்மார்களே! மூட்டைகளை இறக்கிவிட்டு வியர்வை காயாமல் வந்து நிற்கும் சுமைதூக்கும் தோழர்களே! இன்றைக்கு இவனைப் பேசவே விடக்கூடாது என்று காலையிலிருந்து கூடிப் பேசிவிட்டு, இப்போது முதல் வரிசையில் முறைத்துக்கொண்டிருக்கும் என் அன்புக்குரிய எதிர்ப்பாளர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த இரும்புச் சாமான் கடைக்காரனின் வணக்கம்.

எனக்கு மேடைப் பயம் கிடையாது. பேசிப் பிழைக்கிறவன் நான். ஆணி வாங்க வந்தவரைச் சுத்தியலும் வாங்க வைத்து அனுப்புகிறவன். இன்றைய பயம் வேறு. சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கப்போகிறீர்கள். முதலாளி, தொழிலாளி என்ற வேறுபாடில்லாமல் வளாகத்தில் உழைக்கும் அத்தனை பேருக்கும் இன்று வாக்கு உண்டு. இடித்துக் கட்டப்போகும் நம் கழிப்பறை, இப்போதுபோல ஆண்கள் கூடம், பெண்கள் கூடம் என்று இரண்டாக இருக்க வேண்டுமா? அல்லது ஒவ்வொன்றும் தனி அறையாக, யார் வேண்டுமானாலும் போய்வரும்படி இருக்க வேண்டுமா? அதுதான் கேள்வி.

அங்கே யாரோ சிரிக்கிறார். கழிப்பறைக்கு ஒரு மேடையா என்று சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா! அவசரமில்லாதவர்தான் சிரிக்க முடியும்.

என் கடை வாசலில் சாவி இழைக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவளை நீங்கள் அறிவீர்கள். சாவிக்காரி என்றுதான் வளாகமே அவளைக் கூப்பிடுகிறது. அவள் ஒரு திருநங்கை. அதையும் நீங்கள் அறிவீர்கள். நீங்கள் அறியாத ஒன்று உண்டு. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு கடை சாத்தும்வரை அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை.

ஏன் குடிப்பதில்லை? தாய்மார்கள் அறிந்த காரணம்தான். பெண்கள் பக்கக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தாழ்ப்பாள் விற்கிறவன் நீதானே, மாட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். மாட்டினேன்! உளுத்துப்போன மரம்; திருகாணி நிற்கவில்லை. ஆகவே நம் பெண்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். தனியாக யாரும் போவதில்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாள். மருந்துக்கடைப் பெண் போனால் தையற்கடை அம்மா பிடிப்பார். தையற்கடை அம்மா போனால் என் மனைவி பிடிப்பாள். பகையாளிகூட அந்த நேரத்தில் பகையை மறந்து பிடிப்பாள். ஆனால் சாவிக்காரிக்குக் கதவு பிடிக்க யாரும் இல்லை. ஆண்கள் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சீட்டி அடித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். தலை குனிந்திருப்பதை வைத்தே அடையாளம் தெரிகிறது.

போன மாதம் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்து விழுந்தாள். சிறுநீரகத்தில் தொற்று. இப்படியே போனால் சிறுநீரகம் தாங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நானும் என் மனைவியும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

“ஏம்மா, தண்ணி குடிக்கலன்னா ஒடம்பு என்னாகும்னு தெரியாதா உனக்கு?” என்றேன்.

“தெரியும் முதலாளி. குடிச்சா எங்க போறதுன்னுதான் தெரியல” என்றாள்.

என் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடு திரும்பும் வழியில் அவளிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே சொன்னால் இன்றிரவு எனக்குச் சாப்பாடு கிடைக்காது. இருந்தாலும் சொல்கிறேன். “வேலைக்கு வச்சீங்க, நான் ஒண்ணும் சொல்லல. கூட உக்காந்து டீ குடிக்கறேன், அதுவும் சரி. அதுக்காக நான் போய் அதுக்குக் கதவு பிடிக்கணுமா? பாக்கறவங்க என்னை என்ன பேசுவாங்க?”

அங்கே உட்கார்ந்து என்னை முறைக்காதே அம்மா. மேடை ஏறியவன் பொய் சொல்லக்கூடாது. என் மனைவி கெட்டவள் இல்லை. அவள் சொன்னது இந்த வளாகத்தின் குரல். எனக்குள்ளும் அந்தக் குரல் உண்டு. இந்தப் பேச்சைப் பேசினால் நாளைக்கு எத்தனை பேர் எதிர்க்கடைக்குப் போவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேதான் படியேறினேன்.

பயத்தை நான் பழிக்க மாட்டேன். பழிக்கவும் முடியாது! பூட்டு விற்றுப் பிழைக்கிறவன் நான். உங்கள் பயம்தான் என் பிழைப்பு. ஆனால் பூட்டு வாங்க வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கதவுக்கு என்பதுதான். இன்று உங்களையும் அதைத்தான் கேட்கிறேன். எந்தக் கதவுக்குப் பயப்படுகிறீர்கள்?

இந்த மண்டபத்தில் எத்தனை பேருடைய வீட்டுச் சாவி அவள் இழைத்தது? இடுப்பைத் தொட்டுப் பாருங்கள். பையைத் துழாவிப் பாருங்கள். நம் பொருளாளர் இப்போதே தொட்டுப் பார்க்கிறார்! வீட்டுச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று டீ குடிக்கப் போனீர்களே, அப்போது எங்கே போயிருந்தது இந்தப் பயம்? நீங்கள் உறங்கும் வீட்டை, உங்கள் பிள்ளைகள் உறங்கும் வீட்டை, அவளை நம்பி…

என்ன? தையற்கடை அம்மா எழுந்து நிற்கிறார். உட்காரச் சொல்லாதீர்கள், பேசட்டும்.

“சாவி வேற, இது வேறங்க! ஸ்கூல் விட்டு என் பொண்ணு கடைக்குத்தான் வருது. அந்தக் கக்கூஸ் சுவத்து மேல ஒருத்தன் மூஞ்சி தெரிஞ்சுதே, அன்னைக்குப் பயந்த புள்ள இன்னும் தனியாப் படுக்க மாட்டேங்குது. நாளைக்கு எவன் வேணா வரலாம்னா, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து நிப்பீங்க?”

கேட்டீர்களா? கைதட்டாதீர்கள், எனக்குத் தட்டுவதாக இருந்தாலும் வேண்டாம். தாய் கேட்கும் கேள்வி. அதற்கு முன்னால் என் சாவிக் கதை செல்லாது அம்மா. ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பெண்ணின் பயத்துக்கே பதில் சொல்கிறேன்.

அன்று சுவருக்கு மேலே தெரிந்த முகம் யாருடையது? சரக்கு இறக்க வந்த வண்டியில் வந்த ஓர் ஆண். எங்கிருந்து ஏறினான்? ஆண்கள் பக்கத்திலிருந்து. ஏன் ஏற முடிந்தது? நடுச்சுவர் கூரைவரை போகவில்லை. ஆண்கள் என்றும் பெண்கள் என்றும் எழுதிய இரண்டு பலகைகளும் அன்றைக்கும் தொங்கிக்கொண்டுதானே இருந்தன? பலகை அவனைத் தடுத்ததா? எழுத்து எழுந்து வந்து எட்டிப் பிடித்ததா? அவன் வண்டியேறி ஓடிவிட்டான். மறுநாள் காலையில் நாம் யாரை வழிமறித்தோம்? ஓடிப்போனவன் கிடைக்கவில்லை என்பதற்காக, ஓட இடமில்லாத சாவிக்காரியைப் பெண்கள் பக்க வாசலில் வழிமறித்தோம்!

நான் வியாபாரி. பேரம் பேசத்தான் வந்திருக்கிறேன். அம்மா, உங்கள் நிபந்தனைகளைச் சொல்லுங்கள். கூரையைத் தொடும் சுவர் வேண்டுமா? கட்டுவோம். தரையோடு பொருந்தும் கதவும் இரும்புத் தாழ்ப்பாளும் வேண்டுமா? என் கடையிலேயே கனமானது உண்டு. வேண்டாம், என் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்போதுதான் இவன் சரக்கு விற்கப் பேசினான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கை கழுவும் இடம் எல்லோர் கண்ணிலும் படும்படி நடைவழியில் இருக்க வேண்டுமா? வைப்போம். பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டுமா? அமர்த்துவோம். இரண்டு அறை பெண்களுக்கு மட்டும் என்று எழுதினால்தான் உங்கள் மகளுக்கு நிம்மதி என்றால், அதையும் எழுதுவோம். மற்ற அறைகள் எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். உள்ளே போகிறவர், தாழிடுகிறார். வேலை முடிந்தது, வருகிறார். அங்கே கதவைப் பிடிக்க யாரும் யாருக்கும் தேவையில்லை.

இது நியாயமா, இல்லையா? தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன் ஐயா.

முடிக்கும் முன், எல்லோரும் கொஞ்சம் பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். வாசலில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். கூட்டம் தொடங்கி இவ்வளவு நேரத்தில், புழுக்கத்தில் நீங்கள் எல்லோரும் குடித்து முடித்தாயிற்று. கடைசி நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். அவள் மடியில் இருக்கும் பாட்டிலின் மூடி இன்னும் திறக்கப்படவில்லை. மருத்துவர் குடி என்கிறார். உடம்பு கேட்கிறது. நாம்தான்…

ஐயையோ. என் மனைவி எழுந்துவிட்டாள். அம்மா, வீட்டுப் பேச்சை மேடையில் பேசியது தப்புதான், கோபித்துக்கொண்டு போகாதே! வாசல் இந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது, நீ பின்வரிசைப் பக்கம் எங்கே போகிறாய்?

…

ஒலிபெருக்கிக்காரத் தம்பி, சத்தம் போடாதே. சாவிக்காரியிடம் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கட்டும்.

“எந்திரி. எதுக்கு அதைப் பொத்திப் பொத்தி வச்சிருக்க? குடி மொதல்ல. முழுசாக் குடி. அப்புறம் வா, நான் வெளிய நிக்கறேன்.”

“வேணாம் அக்கா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாத்துட்டுப் போறாங்க. இந்த மனுஷன்தான் ஊரைக் கூட்டிச் சொல்லிட்டாரே, இனிமே பாக்கறதுக்கு என்ன இருக்கு?”

பெருமக்களே, பேச்சு எனக்கு மறந்துவிட்டது. நான் என்னவோ எழுதி மனப்பாடம் செய்து வந்தேன். இருவரும் பக்கவாட்டு நடையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். தையற்கடை அம்மா இன்னும் உட்காரவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ சொல்கிறார். என்னம்மா சொன்னீர்கள்?

“அவங்ககிட்டச் சொன்னேன். இந்த மண்டபத்துக் கக்கூஸ் கதவும் சரியாச் சாத்தாதுக்கா, இழுத்துப் புடிங்கன்னு.”

அவர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை கை உயரும், எத்தனை கை மடியிலேயே கிடக்கும் என்றும் தெரியாது. தலைவர் அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அவர்கள் இருவரும் திரும்பி வரும்வரை வாக்கெடுப்பைத் தொடங்காதீர்கள். அவர்களுக்கும் வாக்கு உண்டு. இப்போது ஒருத்தியின் கை கதவில் இருக்கிறது.

எதிர்த்தாலும் எழுந்து போகாமல் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்ட தலைவருக்கும் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.