நொடிமுள்ளுக்கு என்ன விலை?

காலத்தைக் கண்ணாடிக்குள் அடைத்துக் காசாக்கத் தெரிந்த கடிகார வணிகர் சங்கத்தின் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, கைதட்டலில் எனக்கென்று மிச்சம் வைக்காமல் அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! அனுபவத்தில் என்னைவிட மூத்த, ஆர்வத்தில் என்னைவிட இளைய பெரியோர்களே! கணவர் கடிகாரக் கடைப் பக்கம் திரும்பினாலே கைப்பையை இறுக்கிக்கொள்ளும் தாய்மார்களே! எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

'பழமையின் விலை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான் கடிகாரம் செய்கிறவன் அல்லன்; செப்பனிடுகிறவனும் அல்லன். ஒரு நிறுவனத்தில் விலை வைக்கிறவன். என்னிடம் உருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. புதிய கடிகாரத்தைவிட, பழையதைப் போலவே செய்யப்பட்ட புதிய கடிகாரத்துக்கு ஏன் பல மடங்கு விலை? எஃகு வேறா? இல்லை. பற்சக்கரம் வேறா? இல்லை. நேரமாவது கூடுதலாகக் காட்டுகிறதா? அதுவும் இல்லை! பின் எதற்குத் தருகிறார்கள்? துருப்பிடிக்காத தொன்மைக்குத் தருகிறார்கள். கீறல் விழாத கடந்த காலத்துக்குத் தருகிறார்கள். சுருங்கச் சொன்னால், கதைக்குத் தருகிறார்கள்.

எங்கள் நிறுவனம் முன்னொரு காலத்தில் செவிலியர்களுக்கென்று ஒரு கைக்கடிகாரம் செய்தது. வெள்ளை முகப்பு, கறுப்பு எண்கள், சிவப்பு நொடிமுள். நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணுவதற்காகவே அந்தச் சிவப்பு. அதைத்தான் மறுபடி வெளியிட்டோம். தங்க விளிம்பு வைத்தோம், தோல் வார் வைத்தோம், 'கருணை' என்று பெயரும் வைத்தோம். நொடிமுள்ளை மட்டும் வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல, தெரிந்தேதான். முகப்பு அமைதியாக இருக்கும் என்றார் வடிவமைப்பாளர். இதை வாங்குகிறவர் யாருடைய நாடியை எண்ணப் போகிறார் என்றார் விற்பனை மேலாளர்.

வெளியீட்டு விழா, நட்சத்திர விடுதி ஒன்றின் பெரிய கூடம். சுவர் முழுக்க ஓர் இளம் செவிலியரின் படம். கையில் அந்தப் பழைய கடிகாரம். படத்தில் இருந்தவரையே சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். இப்போது ஓய்வு பெற்ற தலைமைச் செவிலியர். மகள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

கடிகாரத்தை அவர் கையில் கட்டினோம். அவர் சட்டென்று மகளின் மணிக்கட்டில் விரல் வைத்தார். முகப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, செகண்ட் முள் எங்க?"

"அழகுக்காக எடுத்துட்டோம்மா."

"அப்போ இதை வச்சு நான் என்னத்த எண்ணறது?"

மகள் பதறினாள். "அம்மா, சும்மா இரும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. பாக்கறதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை ஐயா! எங்கள் முதலாளி விரைந்து வந்து கைகூப்பினார். "இது எங்க அன்பளிப்பும்மா. நீங்களே வச்சுக்கோங்க."

அந்த அம்மையார் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேண்டாங்க. அப்பவும் ஆஸ்பத்திரியில குடுத்துதான் போட்டுக்கிட்டேன். ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டாங்க, போட்டோ எடுத்தாங்க, கடிகாரத்தைத் திருப்பி வாங்கிட்டாங்க. ரொம்ப நாள் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்தேன். யாரும் குடுத்து எனக்கு வேண்டாம்."

அவர் போய்விட்டார். அவர் கேட்ட கேள்வி போகவில்லை; ஊர் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "சிவப்பு முள் வச்சது இருக்கா?" என்றே கேட்டார்கள். வைத்தோம். வைத்த கையோடு விலையையும் ஏற்றினேன். எவ்வளவு என்கிறாரா பின்வரிசை நண்பர்? சொன்னால் உங்களுக்கு நாடி பார்க்க ஆள் தேட வேண்டிவரும்! ஆனாலும் வரிசை நீண்டது.

ஒருநாள் என் அறைக்கதவைத் தட்டிக்கொண்டு அம்மையாரும் மகளும் வந்தார்கள். வெல்வெட் தட்டில் இருந்த கடிகாரத்தைக் காட்டி அம்மையார் விலை கேட்டார். சொன்னேன்.

"ஒரு முள்ளுக்கா இவ்வளவு ஏத்துவீங்க?" என்றாள் மகள்.

"முள்ளுக்கு இல்லைங்க. அதோட கதைக்கு."

அம்மையார் நிதானமாகக் கேட்டார். "யாரோட கதைக்கு?"

அன்பர்களே! உலோகத்தின் விலை கேட்டிருக்கிறார்கள், உழைப்பின் விலை கேட்டிருக்கிறார்கள், பெட்டியின் விலைகூடக் கேட்டிருக்கிறார்கள். யாருடைய கதை என்று என்னை யாரும் கேட்டதில்லை.

"கீழ கடைச் சுவத்துல மாட்டியிருக்கற படம் என்னோடது. முள்ளை வைக்கணும்னு சொன்னதும் நான். அதுக்கு என்ன விலை வச்சிருக்கீங்க? விலை போடறவர் நீங்கதானே, சொல்லுங்க."

"ஒண்ணு எடுத்துக்கோங்கம்மா, பரிசா..."

"மறுபடியும் பரிசா? கூலியாக் குடுங்க தம்பி. வாங்கிக்கறேன்."

முதலாளியிடம் போனேன். சீறினார். "இவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே வரிசையில வந்து நிக்கும்யா!"

"வாங்கறவங்களும் வரிசையிலதாங்க நிக்கறாங்க. அவங்க இந்தம்மா படத்தைப் பாத்துத்தான் வர்றாங்க."

அவர் மனம் உருகியது என்று சொல்ல மாட்டேன். விரலால் மேசையைத் தட்டிக் கணக்குப் போட்டார், தலையசைத்தார். அவ்வளவுதான். படத்துக்கும் யோசனைக்குமாக ஒரு தொகை முடிவாயிற்று. அது கடிகாரத்தின் விலையைவிடச் சற்றே கூடுதல்.

தொகையைப் பெற்றுக்கொண்ட அம்மையார் நேராகக் கீழ்த்தளக் கடைக்குப் போனார். தலைமைச் செவிலியர் என்று சொல்லவில்லை. சுவரில் தொங்கும் படத்தில் இருப்பது தான்தான் என்றும் சொல்லவில்லை. வரிசையில் நின்றார். முழு விலை கொடுத்தார். விற்பனைப் பெண் வழக்கம்போலக் கேட்டாள்: "யாருக்காவது பரிசாங்க? தாள் சுத்தித் தரட்டுமா?"

"வேண்டாம்மா. எனக்குத்தான்."

பெரியோர்களே, தாய்மார்களே! பழமைக்கு விலை வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. விலை வைப்பது என் பிழைப்பு. ஆனால் எவருடைய பழமை? எவருடைய கை அணிந்து தேய்ந்த பழமை? எவருடைய கண் விழித்துக் காத்த பழமை? எஃகுக்குப் பணம் தருகிறோம், எந்திரத்துக்குத் தருகிறோம், விளம்பரத்துக்கு வாரித் தருகிறோம்! கதையை விற்கிற நாம், அந்தக் கதையை வாழ்ந்தவரை மட்டும் மாலையோடு கைகழுவலாமா? இன்று எங்கள் மறுபதிப்புகள் ஒவ்வொன்றின் விலையிலும், அந்தக் கடிகாரத்தோடு உழைத்தவர்களுக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. அதனால் விலை இன்னும் ஏறியது; விற்பனை இறங்கவில்லை. இது அறிவுரை அல்ல, கணக்கு. சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் நெளியாமல் கேட்ட உங்கள் நல்ல மனத்துக்கு நன்றி கூறி, நின்றுகொண்டே கேட்ட கடைசி வரிசைக்கு இன்னொரு நன்றியும் கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்!