தங்குபவர், வசிப்பவர்

வீட்டை நான்கு நாளைக்கு, ஒரு வாரத்துக்கு என்று வாடகைக்கு விடுகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது துண்டைப் பற்றித்தான். ஆளுக்கு இரண்டு வெள்ளைத் துண்டு, மூன்றாக மடித்து மெத்தையின் கால்மாட்டில் வைக்க வேண்டும். வீட்டில் கந்தலில் முகம் துடைக்கிறவன்கூட இங்கே வந்தால் துண்டைத் தடவிப் பார்த்து மூக்கைச் சுளிப்பான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என்னைப் பொறுப்பில்லாதவன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, ஐயா. எங்கள் வீட்டில் ஒரு துண்டுகூடச் சொரசொரப்பாக இருந்ததில்லை.

நான் முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதியவன். ஒரு சொல் தவறி விழுந்ததால் ஒரு தோட்டமே கை மாறியதைப் பார்த்தவன். அதனால்தான் போன வருஷம் நகராட்சி இப்படி வாடகைக்கு விடும் வீடுகளுக்கென்று விதிமுறைகள் கொண்டுவந்தபோது, மற்றவர்கள் தலையில் கை வைத்து உட்கார, நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தேன். முப்பத்தெட்டுப் பக்கம். எழுதிய மகானுக்கு இலக்கணமும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. பதினோராம் பக்கத்தில் 'அறை' என்று சொன்னதையே பன்னிரண்டாம் பக்கத்தில் 'கூடம்' என்கிறார். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் அதைப் படிக்காமலே விண்ணப்பம் போட்டார், படிக்காமலே நிராகரிக்கப்பட்டார், இன்றுவரை படிக்காமலே திட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் பிரிவு மட்டும் ஒழுங்காக இருந்தது. காசு கொடுத்து முப்பது நாளுக்குள் இருந்துவிட்டுப் போகிறவர் 'தங்குபவர்'. வீட்டின் உரிமையாளர், அல்லது அந்த வீட்டையே நிரந்தர இருப்பிடமாகக் கொண்ட அவருடைய நெருங்கிய உறவினர், 'வசிப்பவர்'. தங்குபவர் இருக்கும் நாளெல்லாம் வசிப்பவர் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் உரிமம் கிடையாது. நீங்கள் உங்கள் தாளில் 'அங்கே தங்கியிருந்த அக்கா' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து 'வசித்த' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் அடுக்குமாடிக்குக் குடிபோய் நான்கு வருஷம் ஆகிறது. பழைய வீட்டில் இருந்தவள் அக்காதான். அத்தான் போன பிறகு அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் அவளுக்கும் பாதி உண்டு. அதை எனக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். எங்கள் தொழிலில் அதற்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். நானே எழுதினேன், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. பிறகு சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையை அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்தேன். குளியலறை சேர்ந்த அறை.

உரிம விண்ணப்பத்தில் வசிப்பவர் என்று அவள் பெயரைத்தான் எழுதினேன்.

"இதுல என் பேரு எதுக்குடா?" என்று கேட்டாள்.

"ஒரு மரியாதைக்குத்தான்க்கா."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய காகிதத்தில் மூன்று தடவை கையெழுத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் விண்ணப்பத்தில் போட்டாள். அவளை ஏமாற்றுவது எப்போதுமே சுலபம். சின்ன வயதிலும் அப்படித்தான்.

ஆனால் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். தெருமுனைத் தையல்கடையில் போய் உட்கார்ந்து பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டு அரட்டை அடிப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நகராட்சி ஆய்வாளர் வந்தார். புகை எச்சரிக்கைக் கருவியை அமுக்கி, அது கத்தியதும் தான் பெற்ற பிள்ளை பாடியதுபோல் பூரித்துப்போகிற மனிதர். வீட்டில் தங்குபவர் இரண்டு பேர் இருந்தார்கள், வசிப்பவர் இல்லை.

"இன்னொரு தடவை ஆள் இல்லைன்னா உரிமம் போயிடும் சார். நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டு நோட்டீஸை நீட்டினார்.

வீட்டில் இருக்கும் நேரத்திலும் அவள் சும்மா இருப்பதில்லை. தங்க வருகிறவர்களிடம் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசுவாள். 'ஒரு வயதான அம்மா அறைக்கு வந்து பேசிக்கொண்டே இருக்கிறார்' என்று இணையத்தில் ஒருவன் எழுதினான். எழுத்துப்பிழை ஏழு. அவனுக்கும் அந்த நல்ல துண்டைத்தான் கொடுத்திருந்தேன்.

இரண்டுக்கும் ஒரே தீர்வுதான் இருந்தது. பத்தொன்பதாம் விதி, தங்குபவர் அறைக்கதவு சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. வசிப்பவர் அறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர்கள் மறந்ததற்கு நான் பொறுப்பல்ல.

தச்சர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தாழ்ப்பாள் உள்பக்கம்தானே சார் வரும்?"

"சொன்னதைச் செய்யுங்க."

ஆள் வந்து தங்கும் நாட்களில் மட்டும்தான் போடுவேன். சாப்பாடு உள்ளே கொண்டுபோய் வைப்பேன். முதல் நாள் சிரித்தாள். "என்னடா இது, நான் என்ன ஓடியா போயிடப்போறேன்?" என்றாள். இரண்டாம் நாள் தட்டினாள். அப்புறம் பழகிவிட்டாள். மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

இந்த மாதம் அவள் மகள் வெளியூரிலிருந்து கூப்பிட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள், பார்த்துக்கொள்ள ஆளில்லை. அக்கா அன்றைக்கே பையில் புடவைகளை அடுக்கிவிட்டாள்.

"நான் போறேன்டா. அவ ஒத்தையா அல்லாடுறா. நான் இன்னும் குழந்தை முகத்தையே பாக்கலை."

"பதினாலாம் தேதி உரிமம் புதுப்பிக்க ஆய்வாளர் வர்றாருக்கா. அது முடியட்டும், நானே கொண்டுபோய் விடறேன்."

"வளைகாப்புக்குக் கிளம்பினப்பவும் இதையேதான் சொன்னே."

சொன்னது உண்மைதான். அப்போதும் வாடகைக்கு ஆள் இருந்தார்கள். இந்தத் தடவை, சரிசெய்து தருகிறேன் என்று அவளுடைய கைப்பேசியை வாங்கிக்கொண்டேன். "அம்மாவுக்கு அலைச்சல் ஒத்துக்காது, வர இஷ்டமில்லைன்னு சொல்றா" என்று மகளிடம் சொன்னேன். அந்தப் பெண் அழுதது. அழுகை அந்தக் குடும்பத்தில் தண்ணீர் பட்ட பாடு. பதினைந்தாம் தேதி தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அழைத்துப்போகிறேன் என்றது. எனக்கும் அது வசதிதான்.

அந்த வாரம் வாடகைக்கு வந்திருந்த நால்வரும் பதினொன்றாம் தேதி காலையில் காலி செய்வதாக இருந்தது. வழியனுப்பப் போயிருந்தேன். அதில் ஒருவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிட்டு, சூடான பெட்டியை மெத்தைமேல் அப்படியே வைத்துவிட்டு, வாசலில் நின்று தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டிருந்தான். படித்தவனாம். மெத்தை பிடித்து, திரைச்சீலை பிடித்து, கூரைப் பலகை பிடித்தது. ஆய்வாளரின் செல்லக் கருவி கத்தியது. விதிப்படி மாட்டி வைத்திருந்த வரைபடத்தில் உள்ளபடியே நால்வரையும் நடைவழியாகப் பக்கக் கதவுக்குக் கூட்டிப்போனேன். அவசரத்திலும் ஒருத்தி சக்கரப் பெட்டியை விடவில்லை. நடைவழியில் சக்கரம் சிக்கிக்கொண்டது. நான் குனிந்து எடுத்துவிட்டேன். அக்காவின் கதவு அந்த இடத்தில்தான்.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. ஆமாம், என் கை தாழ்ப்பாளுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. கருவியின் கத்தலில் அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. "டேய், என்னடா புகையா வருது?" என்றாள். கதவைத் திறந்தால் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான்கு பேரும் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் எழுதிவைக்கிற ரகம் அவர்கள். தீ முன்பக்கம்தானே, பின்பக்கம் வர நேரமாகும் என்று கணக்குப் போட்டேன். முதுகால் தாழ்ப்பாளை மறைத்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவர்களை அனுப்பினேன்.

தீயணைப்பு வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. நகராட்சியில் வேலை செய்கிற ஒரே வண்டி அதுதான் போலிருக்கிறது. தலைமைக்காரர் இறங்கியதும் என்னிடம் கேட்டார்.

"தங்கியிருந்தவங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?"

"தங்கியிருந்தவங்க நாலு பேரும் வந்துட்டாங்க" என்றேன்.

அது பொய் இல்லை. இரண்டாம் பிரிவை எடுத்துப் பாருங்கள். அவர் எந்தச் சொல்லில் கேட்டாரோ அந்தச் சொல்லுக்குத்தான் பதில் சொன்னேன். சரியாகக் கேட்கத் தெரியாதது அவர் குறை. இதை நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எழுத மறுக்கிறீர்கள்.

சரி, அதற்கு மேல் நடந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர் படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"வேற யாரும் உள்ள இல்லையே?"

"இல்லை."

இந்தக் கேள்விக்கு எந்தப் பிரிவும் இல்லை. முப்பத்தெட்டுப் பக்கத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அவர் தலையைச் சாய்த்தார். வீட்டின் பின்பக்கத்திலிருந்து தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"அது என்ன சத்தம்?"

"பலகை அடுக்கி வச்சிருக்கேன் சார். சரிஞ்சு விழுது."

நம்பிவிட்டார். குழாயை முன்னறைப் பக்கம் திருப்பச் சொன்னார். பலகை மும்மூன்று தடவையாக, நிறுத்தி நிறுத்தி விழாது. கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. தீ அடங்கி எல்லோரும் போன பிறகு நானே போய்த் திறந்துவிட்டிருப்பேன். உரிமமும் போயிருக்காது, அவளும் மகளோடு கிளம்பியிருப்பாள், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், சும்மா இருப்பது. கத்தி, தட்டி, இருந்த மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டாள். பதினாலாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அவளுக்குத்தான் பொறுமை இல்லை.