மஞ்சள் தண்ணீர்

கேட்டதும் தண்ணீர் கொடுத்தீர்கள், நன்றி மேடம். கேன் தண்ணீர்தானே. ஸ்டேஷனில் குழாய்த் தண்ணீரை நம்பாதது நல்ல பழக்கம்.

நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள். உங்கள் ஏட்டு எழுதினால் விஷம் என்று எழுதிவிடுவார். நான் போட்டது கம்பெனிக் கழிவு. வெளியிலிருந்து ஒரு சொட்டுகூடக் கொண்டுவரவில்லை.

என் பெயர் பிரேமலதா. ஆற்றங்கரை மேட்டில் இருக்கிற முலாம் கம்பெனியில், லேபில் வேலை. வாசலில் வாட்ச்மேனாக நின்ற சங்கிலிபூதத்தான் என் அப்பா. கையைக் காலைப் பிடித்து எனக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இரும்புச் சாமானுக்குப் பளபளப்பு ஏற்றிவிட்டுக் கழுவினால் தண்ணீர் மஞ்சளாக வரும். அதில் குரோமியம் இருக்கும். அதைச் சுத்தம் செய்யத் தொட்டியும் மோட்டாரும் உண்டு. யாராவது பார்க்க வரும் நாளில் மட்டும் மோட்டார் ஓடும். மற்ற நாட்களில் வற்றிப்போன பழைய போர்வெல் குழிக்குள் குழாயைச் சொருகிவிடுவார்கள். பூமிக்குள் போனது அங்கேயே நின்றுவிடுமா? சரிவில் எங்கள் ஊர்க் கிணறு இருக்கிறது. அங்கே வந்து சேர்வதற்குள் நிறம் வெளிறிவிடும். கண்ணாடி மாதிரித் தெளிந்து கிடக்கும். அதுதான் வினை.

அக்கா சுடலைவடிவுக்குக் கிட்னி போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் மெஷினில் படுத்து எழுந்துதான் அவள் உயிரோடு இருக்கிறாள். தெருவில் அவளைப் போல இன்னும் சிலர். கிணற்றுத் தண்ணீரை நானே லேபில் சோதித்து, மேனேஜர் கிருபைராஜிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"ஒங்கப்பன் கேட்ல நிக்கான், நீ ஏசிக்குள்ள இருக்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்லா பிள்ள," என்று சிரித்தார்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் மனுக் கொடுத்தேன். பார்க்க வந்தார்கள். அன்று மோட்டார் ஓடியது.

ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். "ஏட்டி, கெட்ட தண்ணின்னா நாறும்லா. இது நாறவா செய்யுது?" என்று ஒருவர் கேட்டார். "காலேசுக்குப் போயி கெணத்தக் குத்தஞ் சொல்லப் படிச்சிட்டு வந்திருக்கா," என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் சாமியிடம் குறி கேட்பது என்று முடிவாயிற்று. எங்கள் ஊரில் எதுவும் தீராவிட்டால் அப்படித்தான். சாமியாடி என் அப்பா. ஊரே கைகட்டி நிற்க, அவர் மேல் இறங்கிய எங்கள் சாமி சுடலை சொன்னது: "எங் கெணத்துத் தண்ணியில கொற இல்லலே. குடிங்க."

வீட்டுக்கு வந்ததும், "யப்பா, சாமி சொல்லிச்சா, நீங்க சொன்னியளா?" என்று கேட்டேன்.

"அருள் வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா," என்றார், வாட்ச்மேன் சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே. டூட்டிக்கு நேரமாகியிருந்தது.

நான் அழவில்லை. யோசித்தேன். மெல்ல மெல்லச் சாகிறவர்களைப் பார்க்க யாரும் வருவதில்லை. ஒரே நாளில் ஊரே வாந்தி எடுத்தால் ஆம்புலன்ஸ் வரும், டிவிக்காரர்கள் வருவார்கள், கலெக்டர் வருவார், கிணற்றை மூடுவார்கள், கம்பெனியை மூடுவார்கள். தெளிந்த தண்ணீரில் இருப்பதை இவர்கள் கண்ணுக்குக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அதற்குக் கோயில் கொடைத் திருவிழாதான் தோது. மத்தியானக் கொடையில் கிணற்றுத் தண்ணீரை அண்டாவில் நிறைத்து மஞ்சள் கரைத்து வைப்போம். சாமி குடித்ததும் ஆளுக்கு ஒரு கை தீர்த்தம் கிடைக்கும். மஞ்சளோடு மஞ்சளாகக் கழிவும் தெரியாது. ஒரு கைக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். வயிறு எரியும், வாந்தி வரும், ஆஸ்பத்திரி போய்த் திரும்பிவிடலாம். சின்னப் பிள்ளைகளுக்குக் கை சின்னது. அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன். அக்காவை மட்டும் கோயிலுக்கு வர வேண்டாம் என்று வீட்டிலேயே படுக்க வைத்தேன்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. தீர்த்தம் வாங்கியவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் சாமி ஒரு கை குடிப்பதில்லை, ஒரு குடம் குடிக்கும். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவில் இல்லை.

அப்பா குடத்தைக் கவிழ்த்துக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுழன்றார். "இந்த வருசம் சுடலைக்கு ஆங்காரம் கூடிப்போச்சுவே," என்றார் பக்கத்தில் நின்றவர். மேளம் வேகம் பிடித்தது. அவர் தரையில் விழுந்து புரண்டபோது பெண்கள் குலவை போட்டார்கள். சாமி மலையேறும் என்று காத்திருந்தார்கள். நானும் அவர்களோடு நின்றேன். மறுநாள் அவர் இறந்துபோனார்.

நான் நினைத்த மாதிரியே எல்லோரும் வந்தார்கள். கிணற்றில் குரோமியம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி லேபில் கழிவைத் திருடியவள் ஊரிலேயே இருக்கும்போது, அது எப்படி வந்தது என்று வேறு யாரும் தேடத் தேவையில்லாமல் போயிற்று. புகார் கொடுத்ததே கிருபைராஜ்தான் என்று சொன்னீர்கள். அக்காவின் கிட்னிகூட இப்போது என் தலையில். ஊருக்குத் தினமும் லாரியில் நல்ல தண்ணீர் வருகிறதாம், லாரியில் கம்பெனி பெயர் எழுதியிருக்கிறதாம். கும்பிட்டு வாங்குகிறார்களாம். மோட்டார் ஓடுகிறதா என்று யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் மேல் கோபம் வேண்டாம் மேடம். கம்பெனி வருஷக்கணக்கில் செய்ததை நான் ஒரு மத்தியானத்தில் செய்தேன். அப்பா செத்தது கணக்கில் வந்த பிசகு.

கையெழுத்துப் போடுமுன் வாசித்துப் பார்க்கச் சொன்னீர்கள். வாசித்தேன். ஓர் இடத்தை மட்டும் அடித்துவிட்டு எழுத வேண்டும். நினைவில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். சாமியாடி வீட்டுப் பெண்தான் குடத்தை நிறைத்துச் சாமி கையில் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அம்மா போனதிலிருந்து வருஷா வருஷம் நான்தான் கொடுக்கிறேன். இந்த வருஷமும் நான்தான் கொடுத்தேன். ததும்பத் ததும்பக் கொடுத்தேன்.