மூன்றாம் எண் பிஸ்டலைத் திறந்து காட்டியவருக்கு

சித்தூர் நீவாக்கரை துப்பாக்கி சுடும் மன்றத்தின் ஆயுதக் காப்பாளர், நகரி தந்த நல்லார், திரு. செங்கல்வராயன் அவர்களுக்கு, உடன் உழைத்த ஊழியர்கள் உளமார வாசித்தளிக்கும் மடல்.

இரும்பின் இயல்பறிந்த இனியரே! பதற்றம் பழகாத பண்பாளரே! சிக்கிய பொருளைச் சினந்து இழுக்காமல், சிக்கியது ஏன் என்று கேட்டுத் திறந்து பார்த்த செங்கையரே! வணக்கம்.

சற்று முன் இந்த மேடையில் தெலுங்கில் ஒரு பாராட்டு வாசிக்கப்பட்டது. நீங்கள் வாயிலை விழிப்புடன் காத்தீர்களாம். வாகனங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தினீர்களாம். ஒருநாளும் தாமதமாக வரவில்லையாம். எல்லாம் உண்மைதான். ஆனால் கடைசி மூன்றாண்டுகளின் உண்மை மட்டும். அதற்கு முந்தைய இருபத்தாறு ஆண்டுகள் ஆயுத அறையில் இருந்தீர்களே, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆயுத அறையிலிருந்து வாயிலுக்கு எப்படி வந்தீர்கள் என்பது பற்றி அரைச்சொல்கூட இல்லை. அதனால்தான் நாங்கள் உங்கள் தாய்மொழியில் இன்னொரு மடல் எழுதினோம்.

இன்று மாலை ஐந்து மணிக்கு உங்கள் பணிப் பதிவேடு மூடப்படும். அதில் ஒரு வரி இருக்கிறது: "ஆயுதக் காப்பாளரின் கவனக்குறைவால் பிஸ்டல் தவறாகப் பூட்டப்பட்டு, போட்டியில் மன்றத்தின் பெயர் கெட்டது." அந்த வரி பொய். அது அடிக்கப்படாமல் நீங்கள் வீட்டுக்குப் போகக்கூடாது. வாழ்த்துவது அப்புறம். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஆயுத பூஜை அன்று நடந்தது இது. அதற்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நீங்கள் வைத்திருந்த வழக்கம் எங்களுக்குத் தெரியும். பிஸ்டல்களை முழுசாக, குண்டில்லாமல், திறந்த நிலையில் வைப்பீர்கள். பிடியில் மட்டும் ஒரு சந்தனப் பொட்டு. பூ அருகில் இருக்கலாம், மேலே கூடாது. "சாமிக்கு எல்லாம் தெரியும். ஸ்பிரிங்குக்குத் தெரியாது" என்பீர்கள்.

அந்த ஆண்டு செயலர் விஜயராகவன் ஐயாவுக்கு வேறு ஆசை வந்தது. மன்றத்தின் காலண்டருக்கு ஒரு படம் வேண்டும். பிஸ்டல்களைக் கழற்றி, உறுப்பு உறுப்பாகப் பரப்பி, குங்குமம் வைத்து எடுத்தால் எடுப்பாக இருக்கும். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். உடனே உங்களுக்கு வேறு வேலை முளைத்தது. சிறப்பு விருந்தினரை அழைத்துவர ரேணிகுண்டாவுக்கு அனுப்பப்பட்டீர்கள்.

படம் எடுத்தவள் காஞ்சனா. மன்றத்தில் மதிப்பெண் தாள் எழுதவும் கடிதங்கள் தட்டச்சு செய்யவும் சேர்ந்து அப்போது ஐந்து மாதம். புத்தூரில் இயற்பியல் பட்டம் படித்தவள். யாராவது பெயரைக் கேட்டாலே தரையைப் பார்ப்பாள். நாற்காலி மேல் ஏறி நின்று, செல்போனில் கீழே பார்த்தாள். சிவப்புத் துணியில் ஏழு பிஸ்டல்களின் அடிப்பாகங்கள், எண் தெரியும்படி, இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஏழு வரை இருந்தன. அவற்றின் கீழே ஒரு தலைவாழை இலையில், அதே வரிசையில், ஏழு ஸ்பிரிங்குகள். இலையின் நுனி இடப்பக்கம். அங்கே இலை குறுகல்.

மூன்றாம் எண் பிஸ்டல் மற்ற ஆறைவிடப் பழையது. அதன் ஸ்பிரிங் அரைவிரல் நீளம் அதிகம். அது இலையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், அது அசிங்கமா கீதே" என்றார் செயலர். "அகலமா இருக்கிற பக்கம் தள்ளிடலாம்." அவரே குனிந்து அதை எடுத்து ஐந்தாவது இடத்தில் வைத்தார். ஐந்தாவதன் ஸ்பிரிங் மூன்றாவது இடத்துக்கு வந்தது. பின் உறுப்பினர் இருவரோடு கைகூப்பி நின்று சிரித்தார். காஞ்சனா படம் எடுத்தாள்.

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு லென்ஸைக் கழற்றினால்கூட எண் ஒட்டி வைக்கப் பழகியவள் அவள். மாற்றி வைத்ததை அவள் கண் பார்த்தது. வாய் திறக்கவில்லை. படம் முடிந்ததும் எதெது எதற்கு நேரே இருந்ததோ அதையே அதில் பூட்டிவிட்டார்கள்.

நீங்கள் ரேணிகுண்டாவிலிருந்து திரும்பியபோது பெட்டி பூட்டியிருந்தது. சாவி செயலர் இடுப்பில். ஒருமுறை திறந்து பார்க்கிறேன் என்று கேட்டீர்கள்.

"ஏமய்யா செங்கல்வராயா, பூஜையில வெச்சத மறுபூஜைக்கு முன்ன தொடலாமா? உங்க நகரியில தறியத் தொடுவீங்களா?"

தொடமாட்டார்கள். நகரியில் பூஜை போட்ட தறி மறுநாள் வரை ஓடாது. நீங்களே அங்கே விசைத்தறி பழுது பார்த்து வளர்ந்தவர். பதில் சொல்ல முடியாத இடத்தில் பார்த்து உங்களை நிறுத்தினார்கள். விஜயதசமி மாலை மறுபூஜை முடிந்தது. பெட்டி திறக்கப்படாமலே வண்டியில் ஏறியது. மறுநாள் காலை திருப்பதியில் மாநில அணிக்கான தேர்வு.

நம் மன்றத்திலிருந்து சுட்டவள் பிரித்திகா. நகரியில் இரண்டு விசைத்தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண். சொந்தமாகப் பிஸ்டல் வாங்க வசதி இல்லாததால் மன்றத்து மூன்றாம் எண்தான் அவளுக்கு. கடைசிச் சுற்று. ஐந்து குண்டு. முதல் குண்டு பத்து. இரண்டாவதும் பத்து. மூன்றாவதற்கு விசை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மேலே இருக்கும் ஸ்லைடு பாதி வழியில் நின்றிருந்தது.

அவள் பிஸ்டலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு, மற்றக் கையைத் தூக்கினாள். நடுவர் இந்திராணி அம்மா வந்து பார்த்துவிட்டு விதியைச் சொன்னார். பழுது பார்க்கப் பதினைந்து நிமிடம். ஆயுதத்தின் பழுது என்று தெரிந்தால் அந்தச் சுற்றை மறுபடி சுடலாம். சுடுபவர் தவறு என்றால் மீதி மூன்று குண்டும் சுழியம். சுழியமானால் அவள் அணியில் இல்லை.

உடனே யார் வாய் முதலில் திறந்தது? நம் செயலர் வாய்.

"கை தளர விட்டுட்ட நீ! கெட்டியா பிடின்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்!"

மன்றத்துப் பெண்ணை, மன்றத்துச் செயலரே, நடுவர் முன்னால்! பிரித்திகாவின் முகம் வெளுத்தது. சுடும் கோட்டுக்குப் பின்னால் மதிப்பெண் தாளோடு நின்ற காஞ்சனாவுக்குக் காரணம் அந்த நொடியே தெரிந்துவிட்டது. வாழையிலையும் விளிம்பைத் தாண்டிய ஸ்பிரிங்கும் கண்முன் வந்தன. அவள் மதிப்பெண் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

நீங்கள் வந்தீர்கள். ஓடிவரவில்லை.

"இழுய்யா, வேகமா இழு, வந்துடும்!" என்றார் செயலர்.

"இழுத்தா வரும் சார். வந்துட்டு மறுபடியும் நிக்கும். அப்ப இன்னா பண்றது?"

குண்டுகள் அடுக்கிய மேகசினை வெளியே எடுத்தீர்கள். சிக்கிய குண்டை அகற்றினீர்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று நடுவரிடம் காட்டினீர்கள். பிறகுதான் பிரித்தீர்கள். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து, பார்க்கக்கூட இல்லை, கட்டைவிரலை ஓட்டினீர்கள்.

"இது மூணோடது இல்லம்மா" என்றீர்கள் நடுவரிடம். "குட்டையா கீது. ஸ்லைடைப் பாதி தள்ளிட்டு வுட்டுடுது. பொண்ணு கையில ஒண்ணும் இல்ல."

"அது நீங்க சொல்றது. நான் எப்படி நம்பறது?" என்றார் இந்திராணி அம்மா. நியாயமான கேள்வி.

"எங்க பெட்டியில அஞ்சாம் நம்பர் கீது. இன்னிக்கு யாரும் தொடல. அதை எடுத்துச் சுடச் சொல்லுங்க. அதுவும் சிக்கும். ஆனா இது மாரி இல்ல. அதுல ஸ்பிரிங் நீளம். ஸ்லைடு முழுசாப் பின்னால போவாது. சுட்ட தோட்டாக் கூடு வெளிய வராம மாட்டிக்கும்."

மூன்றாண்டு இயற்பியல் படித்த காஞ்சனாவுக்கு அந்த இடத்தில் மெய் சிலிர்த்தது. ஒரு விளக்கம் சரியா என்று எப்படிச் சோதிப்பது? இன்னும் யாரும் பார்க்காத ஒன்றை அது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இருந்ததை அவள் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

நடுவர் சொல்ல, மைதான அலுவலர் ஐந்தாம் எண்ணைச் சுட்டார். முதல் குண்டிலேயே சுட்ட தோட்டாக் கூடு வெளியேறும் துளையில் மாட்டி நின்றது. நீங்கள் சொன்ன அதே இடத்தில், சொன்ன அதே விதத்தில்.

இரண்டு ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றிப் பூட்டினீர்கள். பதினொன்றாவது நிமிடத்தில் மூன்றாம் எண்ணைப் பிரித்திகாவிடம் நீட்டினீர்கள்.

"யாருங்க இத பூட்டினது?" என்று கேட்டார் நடுவர்.

செயலர் உங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நாங்கள் மறக்கவில்லை. உங்களுக்கு இரண்டு வழி இருந்தது. தெரியாது என்று சொல்லிவிடலாம். செயலர் பெயரைச் சொல்லிவிடலாம். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை.

"எங்க மன்றத்துல பூட்டினதும்மா. தப்பு எங்களுது. அவளுது இல்ல. அப்படியே எழுதிக்கோங்க."

நடுவர் அப்படியே எழுதினார். பிரித்திகா மறுபடி சுட்டாள். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. இரண்டு புள்ளியில் அணிக்குள் போனாள். போகும்போது உங்களிடம் வந்து, "மாமா, என் கை தளரல இல்ல?" என்று கேட்டாள். "உன் கை தளர்ந்தா தறியே நின்னுடும் போ" என்றீர்கள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

இவ்வளவுதான் நீங்கள் செய்த குற்றம்.

எட்டாம் நாள் மெமோ வந்தது. "எங்கள் மன்றத்தின் தவறு" என்று நீங்கள் நடுவரிடம் சொன்னதையே எடுத்து, அது உங்கள் தவறு என்று திருப்பி எழுதினார்கள். ஆயுத அறைக்குள் இனி நுழையக்கூடாது, வாயிலில் பணி. அதைத் தட்டச்சு செய்யச் சொன்னது காஞ்சனாவிடம். அவள் செய்தாள். நீங்கள் அதை வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லாம அடிச்சிக்கீறியேம்மா" என்றீர்கள். கோபத்தில் சொன்னீர்களா, அன்பில் சொன்னீர்களா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

இதில் எங்களுக்குப் பொறுக்காத இன்னொன்று உண்டு. நுழையக்கூடாது என்று எழுதிய பிறகும் ஒவ்வொரு முறை பிஸ்டல் சிக்கியபோதும் யார் கதவைத் தட்டினார்கள்? ஆயுத அறையிலிருந்து துணியில் சுற்றி வாயிலுக்கே கொண்டுவந்தார்கள். "கொஞ்சம் பாருய்யா" என்று காதோடு சொன்னார்கள். கூண்டு போன்ற அந்த வாயில் அறையில், ஸ்கூட்டர்களுக்கு நடுவில், முக்காலியில் உட்கார்ந்து நீங்கள் சரிசெய்து கொடுத்தீர்கள். ரெஜிஸ்டரில் வேறொருவர் கையெழுத்து. உங்கள் கைக்குத் தடை இல்லை, உங்கள் பெயருக்கு மட்டும் தடை! இது என்ன நியாயம்? மன்ற நிர்வாகத்தாரே, அவர் கை சுத்தம் என்று தெரிந்துதானே கொண்டுவந்தீர்கள்? தெரிந்தும் அந்த வரியை ஏன் அடிக்கவில்லை?

சாட்சி இல்லை என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். சாட்சி இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. காலண்டர் அச்சான கையோடு அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு இதோ இந்தச் சுவரில் மாட்டினார்கள். மூன்றாண்டுகளாக எல்லோரும் அதைக் கடந்துதான் காபி குடிக்கப் போகிறோம். இப்போது எழுந்து போய்ப் பாருங்கள். இடமிருந்து எண்ணுங்கள். நீள ஸ்பிரிங் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே ஐந்தாம் எண் பிஸ்டல். கீழே தேதி அச்சாகியிருக்கிறது. கைகூப்பி நிற்பவர்களையும் எண்ணுங்கள். செயலர் இருக்கிறார். உறுப்பினர் இருவர் இருக்கிறார்கள்.

செங்கல்வராயன் இல்லை. அவர் ரேணிகுண்டா ரயில் நிலையத்தில் இருந்தார்.

அய்யா, நீங்கள் இதையெல்லாம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். மூன்றாண்டு பிந்திக் கேட்கிறோம். அந்த வெட்கத்தோடுதான் வாழ்த்துகிறோம். பிரித்திகாவும் அவள் நைனாவும் இன்று தறியை நிறுத்திவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து வாழ்த்துகிறார்கள். கட்டைவிரலின் கூர்மை குறையாமல், முதுகு வலி கூடாமல், அம்மையார் கையால் வேளைக்குச் சுடச்சுட உண்டு, நூறாண்டு தாண்டியும் நலமாக இருங்கள்! வாசலில் உட்கார வேண்டிய அவசியம் இனி உங்களுக்கு எங்கும் வராதிருக்கட்டும்!

ஐந்து மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பதிவேட்டில் அந்த வரியை அடிக்க ஒரு பேனா போதும். அடித்தால் இந்த மடலை உங்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அடிக்காவிட்டால் இதை இங்கேயே, அந்தப் படத்தின் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டுவோம். ஆணி ஏற்கெனவே அடித்தாயிற்று.

என்றும் தங்கள் அன்புக்குரிய ஊழியர்கள்,

கிஷோர், இலக்குப் பலகை உதவியாளர்
கங்கம்மா, துப்புரவுப் பணி
உதயா, வாகன ஓட்டுநர்
காஞ்சனா, அலுவலக உதவியாளர். அந்தப் படத்தை எடுத்தவள், அந்த மெமோவைத் தட்டச்சு செய்தவள், இந்த மடலை எழுதி வாசிப்பவள்.