வரதன் பாவி

— மெதுவா பேசு அண்ணா. மாட்டுப்பொண்ணு ஸ்ரீஜா சமையல்கட்டுல இருக்கா, காதுல விழுந்துடப் போறது.

— விழட்டுமே வஸு! இன்னும் கொஞ்ச நேரத்துல சித்தூரே கொல்லையில வந்து நின்னுண்டு படிக்கப் போறது. திருப்பதியிலேர்ந்து மொத பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வந்திருக்கேன். பாகாலாவுல இறங்கி ஒரு வாய் காபி குடிக்கல. எதுக்குடி இந்தக் கல்லைப் புரட்டினே?

— நான் எங்கே புரட்டினேன்? தலைவர் சுப்பண்ணா விழாவுக்குக் கொல்லையைச் சுத்தம் பண்றேன்னு என் புள்ளைதான் நெம்பினான். இத்தனை வருஷமா துணி துவைக்கற கல்லு, அடியில எழுத்து இருக்கும்னு யார் கண்டா? ராம்ப்ரசாத்துக்குத் தமிழ் படிக்க வராதோ, பிழைச்சேன். அவன் பாட்டுக்கு நாற்காலி கொண்டு வரப் போயிட்டான். நான்தான் தேய்ச்சு அலம்பிப் பார்த்தேன். பார்த்த உடனே உனக்கு போன் பண்ணினேன்.

— சரியாத்தான் படிச்சியா?

— நீயே குனிஞ்சு பாரேன். உளியால வெட்டின எழுத்து. 'வரதன் பாவி'. கீழே 'சுப்பண்ணா'. அதுக்கும் கீழே 1946.

— பெருமாளே! அப்பா கண்ணை மூடறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுண்டு, 'துவைக்கற கல்லை மட்டும் திருப்பிடாதே வேதாந்தம்'னார். ஏன்னு சொல்லல. இதுக்குத்தான்.

— அப்போ தாத்தாவைப் பத்தி ஊர்ல சொல்ற அந்தப் பேச்சு நெஜமா?

— பின்னே? நாப்பத்திரண்டு போராட்டத்துல தலைவர் சுப்பண்ண காரு போலீஸுக்குத் தப்பி நம்ம கொல்லையில ஒளிஞ்சிருந்தது வரதன் தாத்தா ஒருத்தருக்குத்தான் தெரியும். மூணாம் நாள் போலீஸ் வந்து நின்னுடுத்து. யார் சொல்லிக் குடுத்திருப்பா? ஜெயில்லேர்ந்து வந்தவர் நேரா இங்கே வந்து கல்லுல வெட்டித் திட்டிட்டுப் போயிருக்கார்.

— திட்டறதுன்னா வாயால திட்டுவா. கல்லுலயா வெட்டுவா?

— வயிறு எரிஞ்சா வெட்டுவா.

— அவர் வயிறு எரிஞ்சதுன்னா, இன்னிக்கு விழாக் குழுவுலேர்ந்து வரவாளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? நம்ம கொல்லைக் கிணத்துல மாட்ட 'தலைவரும் சினேகிதரும் சேர்ந்து தோண்டின கிணறு'ன்னு பலகை அடிச்சு எடுத்துண்டு வரா. உன் பேரும் போடறாளாம், வரதன் பேரன்னு.

— என் பேரு வேண்டாம், சொல்லிட்டேன்! மூத்த பேரனுக்குத் தாத்தா பேரை வைக்கறதுதானே நம்மாத்து வழக்கம்? அப்பா எனக்கு ஏன் வைக்கல? யோசிச்சுப் பாரு. வாசல்ல ஆட்டோவை நிக்க வெச்சிருக்கேன். ஒரு சாக்கு குடு. கல்லைச் சுத்தி எடுத்துண்டு போய் நீவா ஆத்துல போட்டுட்டு வந்துடறேன்.

— அவ்வளவு பெரிய மனுஷர் கைப்பட வெட்டினது! ஆத்துல போட்டா பாவம் இல்லையா?

— பாவிக்குப் பேரன் பண்ற பாவம். இருந்துட்டுப் போறது.

— எனக்கு மனசே ஆறல அண்ணா. தாத்தாவும் சுப்பண்ண காருவும் ஒரே இலையில சாப்பிடாத குறைதான்னு அம்மா சொல்வாளே. தாத்தாகிட்டதானே அவர் தமிழ் எழுத்தே கத்துண்டார்?

— கத்துண்ட எழுத்துலயே திட்டிட்டார். போ, சாக்கை எடு.

— அத்தய்யா! மாமா வந்து எவ்வளவு நேரம் ஆச்சு, என்னைக் கூப்பிடவே இல்ல கதா! மாமா, காபி. உங்களுக்கு சக்கரை கூடாதுன்னு பெல்லம் போட்டேன்.

— வாம்மா ஸ்ரீஜா. என்ன போட்டே?

— வெல்லத்தைச் சொல்றா அண்ணா. போறும், அவ சமையல்கட்டைப் போய்ப் பாரு. நான் தமிழ் எழுத்து சொல்லிக் குடுத்தாலும் குடுத்தேன், டப்பா டப்பாவா 'பெல்லம்'னு எழுதி ஒட்டி வெச்சிருக்கா. எழுத்து நம்மது, பேச்சு அவாளது; 'இல்லையா'ங்கறதுக்கு வாய்க்கு வாய் 'கதா'.

— ஆசையா எழுதினேன் அத்தய்யா. நீங்க குடுத்த எழுத்து கதா! அய்யோ, மாமா கண்ணு ஏன் செவந்து போயிருக்கு? இது என்ன, கல்லுல எழுத்து? சொல்லாதீங்க, சொல்லாதீங்க, நானே படிக்கறேன். வ... ர... த... ன். நம்ம தாத்தா பேரு!

— போறும் ஸ்ரீஜா, உள்ளே போ.

— ஒரே வார்த்தை அத்தய்யா. பா... வி. வரதன் பாவி! எவரு எழுதினாங்க? அச்சு அசல் என்னை மாதிரியே எழுதியிருக்காங்க கதா!

— உன்னை மாதிரியா?

— ஆமா மாமா. எழுத்து தமிழு, பேச்சு தெலுகு. பெல்லத்துக்கு நான் போடற அதே 'ப'. வெதுருகுப்பத்துல எங்க வீட்டுல கிணத்தைப் பாவின்னுதானே சொல்லுவோம்? வரதனோட கிணறுன்னு எழுதியிருக்காங்க. கிணத்துல இருக்க வேண்டிய கல்லை எவரு இங்க கொண்டுவந்து துணி துவைக்கப் போட்டது?

— வஸு.

— சொல்லு அண்ணா.

— கிணறுடி.

— கிணறுதான் அண்ணா! கிணறேதான்! தினமும் கடைத்தெருவுல தெலுங்கு பேசிண்டு வரேன், எனக்குத் தோணலையே! தமிழ் எழுத்தைக் கண்டதும் தமிழாவே படிச்சுட்டோமே!

— அப்பா காஞ்சிபுரம் பாடசாலையில வளர்ந்தவர், கடைசி வரைக்கும் தெலுங்கே வரலை. கிணத்துச் சுவரை இடிச்சு சிமெண்ட் பூசினப்போ கல்லு கழண்டு வந்திருக்கும். படிச்சிருக்கார், பதறியிருக்கார், கவுத்துப் போட்டுட்டார். பாவம்டி அப்பா. பெத்த தகப்பனைத் துரோகின்னு நெனச்சுண்டே போய்ச் சேர்ந்தாரே.

— அந்த வருஷத்தைப் பாரு அண்ணா. நாப்பத்தாறு! ஜெயிலுக்குப் போயிட்டு வந்தப்புறம் வெட்டினது. காட்டிக் குடுத்தவன் பேரை யாராவது அவன் கிணத்துலயே உக்காந்து வெட்டிக் குடுப்பாளா?

— மாட்டா. மாட்டவே மாட்டா. தாத்தா சொல்லிக் குடுத்த எழுத்துல, தன் பாஷையில... அம்மாடி ஸ்ரீஜா, நீ நன்னா இருக்கணும்.

— நான் என்ன செஞ்சேன் மாமா? ஏன் அழறீங்க?

— அழலைம்மா, சிரிக்கறேன். நெஞ்சு மேல கிடந்த கல்லு இறங்கிடுத்து. இந்தக் காபி அமிர்தமா இருக்கு, பெல்லம் காபி!

— அண்ணா, ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கறான்.

— உள்ளே வரச் சொல்லு. கல்லைக் கிணத்தங்கரைக்கு நகர்த்த ஒரு கை வேணும்.

— பலகைக்காராளுக்கு போன் பண்ணி உன் பேரு வேண்டாம்னு சொல்லிடட்டுமா?

— போடச் சொல்லு! தமிழ் எழுத்துலயே போடச் சொல்லு: 'பாவி வரதன் பேரன் வேதாந்தம்'. படிக்கறவா எப்படி வேணாலும் படிச்சுக்கட்டும்.