நிமிர்ந்து நிற்க ஒரு வேன்

தொண்ணூறுகளில் ஒரு காலை. சீவலப்பேரியிலிருந்து ஜங்ஷன் போகிற டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"காசி வரைக்கும் குனிஞ்சுக்கிட்டே சோறாக்க என்னால முடியாது."

அதற்குப் பிறகு நான் எங்கே பேப்பர் படிக்க. வீட்டுக்காரர் ரிட்டையரான வாத்தியார் என்பது பேச்சில் தெரிந்தது. தச்சநல்லூர் பட்டறையில் இரண்டு பழைய வேன்கள் விலைக்கு நிற்கின்றனவாம். ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்படியும் வைத்து, இருவருமாக ஊர் ஊராகப் போகத் திட்டம். தன் மடியிலிருந்த பெரிய பை கனக்கிறது என்று வாத்தியார் நடுநடுவே முனகிக்கொண்டார்.

"வெள்ளை வேன்ல இன்ஜின் புதுசு. நீல வேன்ல கூரை மட்டுந்தான் உசரம்."

"அப்போ நீலந்தான்."

"வழியில நின்னுட்டா?"

"நிக்கட்டுமே, வீடுதான் கூடவே இருக்குலா. நீங்க இறங்கி ரிப்பேரு பாருங்க, நான் காப்பி போடுதேன்."

வாத்தியார் சிரித்துவிட்டார். "இன்னைக்கு சும்மா பாத்துட்டு வரத்தான் போறோம். அது சரி, தூக்குச்சட்டியில என்னது?"

"பால்."

"என்னத்துக்கு?"

"புது வீட்டுல பால் காய்ச்சாம எப்படிக் குடியேற? உள்ள நிமிந்து நிக்க முடிஞ்சிதுன்னா இன்னைக்கே காய்ச்சிருவேன்."

"அடுப்புக்கு எங்க போவ?"

"கனக்கு கனக்குன்னு சீவலப்பேரியில இருந்து மடியில வச்சிட்டு வாரியளே, அது என்னன்னு நெனச்சிய?"

வாத்தியார் பையைத் தொட்டுப் பார்த்தார். தச்சநல்லூர் வருகிறவரை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கனக்கிறது என்று பிறகு சொல்லவே இல்லை.