எந்த மிஸ் பேர எழுதுறது

ஜெயரூபன்: ஐயோ, பலீலா மிஸ் மட்டும் வேணாம் தயானி.

தயானி: ஏன்? இங்க கவுன்சிலிங் பண்றதுல தமிழ் பேசுறவங்க அவங்க ஒருத்தங்கதானே.

ஜெயரூபன்: எனக்கு ஸ்கூல்ல கணக்கு படிச்சுக் குடுத்தவங்க. பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சவங்க.

தயானி: புருசன் பொஞ்சாதி சண்டைக்கு அப்புடி ஆளுதான் வேணும். இன்னொரு தடவ ஏறி நில்லுங்க.

ஜெயரூபன்: சிரிக்காத... கவுண்டர்ல அந்த அம்மா பாக்குது.

தயானி: பாக்கத்தான் செய்யும். ஃபோமக் குடுத்து அரமணி நேரமாச்சு. ஒரு பேர எழுத முடியல நமக்கு.

ஜெயரூபன்: நிலந்தி மிஸ்ஸுன்னு போடுவோம்.

தயானி: சிங்கள மிஸ்ஸா? கடையில சாமான் வாங்குற அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் வரும்.

ஜெயரூபன்: நான் இருக்கேன்ல. நீ தமிழ்ல சொல்லு, நான் அவங்களுக்குச் சிங்களத்துல சொல்றேன்.

தயானி: உங்களப் பத்தி நான் சொல்ற கொறைய... நீங்களே சொல்லுவீங்களா?

ஜெயரூபன்: ஆமா.

தயானி: உப்பு ஒறப்பக் கொறச்சு...

ஜெயரூபன்: அப்புடியே சொல்லுவேன் புள்ள. சிங்கள மிஸ்ஸுன்னா வெசயம் நம்ம லயத்து வீடுகளுக்கு வராது. போன தடவ தோட்டத்துத் தலைவர்கிட்ட போனமே, மறந்துட்டியா?

தயானி: மறப்பேனா? பிளேன்டீ குடுத்து, "ரெண்டு பேரும் கையப் புடிச்சுக்குங்க"ன்னாரு. மறுநா காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிறேன், அத்தன பொம்பளைகளும் கையக் கோத்துக் காட்டிச் சிரிக்கிறாளுக.

ஜெயரூபன்: நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே.

தயானி: எப்ப சொல்றது? நீங்கதான் அன்னைக்கே கொழும்புக்கு பஸ் ஏறிட்டீங்களே.

ஜெயரூபன்: ...

தயானி: பாத்தீங்களா, இப்புடித்தான். மாசத்துல ரெண்டு நாளு வாறீங்க. சோத்தப் போட்டா சாப்புடுறீங்க, போனப் பாத்துக்கிட்டே படுத்துக்குறீங்க. செவத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுல பேசுறதுதான் நம்ம வீட்டுல கேக்குது. இதுவும் சரிவரலன்னா நான் பசறைக்கு, எங்கம்மா வீட்டுக்கே போயிருவேன். இத மொதல்ல சொல்லுங்க உங்க மிஸ்ஸுக்கு.

ஜெயரூபன்: அத அவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

தயானி: ஏன்?

ஜெயரூபன்: அவங்களுக்குத் தெரியும்.

தயானி: எப்புடி?

ஜெயரூபன்: நான் பேசுறதில்லன்னு... நானே சொல்லிட்டேன். மூணு தடவ வந்துருக்கேன் இங்க.

தயானி: எப்ப?

ஜெயரூபன்: சனிக்கெழமையில.

தயானி: கொழும்புக் கடையில லீவு குடுக்கலன்னு சொன்னீங்களே... அந்தச் சனிக்கெழமையா?

ஜெயரூபன்: ம்.

தயானி: பதுளை வரைக்கும் வந்துட்டு... வீட்டுக்கு வராமலே திரும்பிப் போனீங்களா?

ஜெயரூபன்: வரத்தான் நெனச்சேன். ஒருவாட்டி நம்ம தெமோதரை பஸ்ல ஏறிக்கூட ஒக்காந்தேன்... வந்தா என்ன பேசுறதுன்னு தெரியல, எறங்கிட்டேன். அந்த மிஸ்ஸுகிட்ட மட்டும் எப்புடியோ வாய் தொறக்குது. சிங்களத்துல சொல்றப்ப வேற யார் வீட்டுக் கதையோ சொல்ற மாதிரி இருக்கு. தமிழ்ல வந்தா... தொண்டையிலயே நின்னுருது.

தயானி: அவங்க என்ன சொன்னாங்க?

ஜெயரூபன்: தனியா வராத, பொஞ்சாதியக் கூட்டிக்கிட்டு வான்னாங்க. ரெண்டு பேரா வந்தா புதுசா ஃபோம் போடணுமாம்... திட்டுறதுன்னா திட்டிரு தயானி. சும்மா இருக்காத.

தயானி: நிலந்தி மிஸ் பேரையே எழுதுங்க.

ஜெயரூபன்: நெசமாவா?

தயானி: எழுதுங்க. அவங்ககிட்ட நானும் ஒன்னு சொல்லணும். ஒரு வார்த்தயும் மாத்தாம நீங்க சொல்லணும்.

ஜெயரூபன்: என்னான்னு?

தயானி: தீவாளிக்கு முந்துன சனிக்கெழமை துணி எடுக்க நான் பதுளைக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல நீங்க கொழும்பு பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு இருந்தீங்க. கூப்புடத்தான் கையத் தூக்குனேன்... பேரு வாயில வரல. நீங்க ஏறிப் போற வரைக்கும் பழக்கடைக்குப் பின்னால நின்னுட்டு, வீட்டுக்குப் போயி போன் போட்டேன்... "இந்த வாரமும் லீவு கெடைக்கலையாங்க"ன்னு கேக்க.